தானாகப் பொங்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்

எங்கள் ஊர் டில்லார்டு, 1961 ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தானாகப் பொங்கி எழுந்தது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். பதினெட்டு வருஷமாக அந்த ஊரின் போஸ்ட்மாஸ்டர் நான்தான். அழைப்பிதழ்கள் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போயின.

பொங்க வைத்தது டில்லார்டு மாவட்ட மருத்துவர் சங்கமும் அதன் கிளையான மருத்துவர் மனைவியர் சங்கமும். வாஷிங்டனில் ஒரு மசோதா வந்திருந்தது. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கமே ஏற்கும் என்று அது சொன்னது. இதைக் கேட்டதும் எங்கள் மாவட்டத்தின் இருபத்திரண்டு டாக்டர்களுக்கும் ஒரே வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. தலைமைச் சங்கத்திலிருந்து முப்பத்திரண்டு பக்கக் கையேடு ஒன்று வந்தது. பொதுமக்கள் தாமாகவே பொங்கி எழுவதற்கான வழிமுறைகள் அதில் வரிசையாக இருந்தன. டாக்டரின் மனைவி அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைக்க வேண்டும். கேக் வீட்டில் சுட்டதாக இருக்க வேண்டும். கடையில் வாங்கினால் ஏற்பாடு செய்தது போலத் தெரியும். இசைத்தட்டைப் போட வேண்டும். தட்டு முடிந்ததும் வந்தவர்களில் ஒருவர் திடீரென்று, நம் பிரதிநிதிக்கு நாமே ஏன் கடிதம் எழுதக் கூடாது என்று கேட்க வேண்டும். யார் திடீரென்று கேட்பது என்பதை முந்தின நாளே முடிவு செய்துவிட வேண்டும். பேனா, தாள், உறை, தபால்தலை எல்லாம் பக்கத்து அறையில், மேலே துணி போட்டு மூடி.

நான் யார் பக்கமும் இல்லை. அரசாங்க ஊழியன். முந்தின வருஷம் ஜூலையிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் அரசாங்கம் பங்கு கட்டுகிற மருத்துவக் காப்பீடு இருந்தது. அதனால் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காபி, டாக்டர் வார்டன் க்ளூர் வீட்டில். அவர் கண் டாக்டர், சங்கத்தின் தலைவர். அவர் மனைவி மேடலின், மனைவியர் சங்கத்தின் தலைவர். கிளினிக் வீட்டை ஒட்டியே இருந்தது. அன்று காலை கண் காட்ட நேரம் வாங்கியிருந்த மிஸ் லெட்டி ஹாஸ்கின்ஸ், கிளினிக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து, தடவித் தடவிப் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டார். மேடலினும் கைத்தாங்கலாக அழைத்துப்போய் உட்கார வைத்து, கையில் கேக்கைக் கொடுத்தாள். இதெல்லாம் அந்தப் பெண்களில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னது.

மிஸ் லெட்டிக்கு அறுபத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தொரு வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து ஆசிரியை. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முழுக்க வெளுத்துவிட்டது. இடது கண்ணில் தாளை மூக்கில் ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் தெரியும். ஆபரேஷன் செய்தால் சரியாகும். அதற்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் தலையை அசைக்காமல் படுக்க வேண்டும். பத்து நாள் ஆஸ்பத்திரிக்கு ஆசிரியை ஓய்வூதியம் எந்த மூலைக்கு?

இசைத்தட்டில் வானொலியில் சோப்பு விற்கிற ஒருவரின் கணீர்க் குரல் பேசியது. முதலில் அரசாங்கம் முதியவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் என்றது. அப்புறம் மூக்குக் கண்ணாடி கொடுக்கும், அப்புறம் உன் சூப்பில் எவ்வளவு உப்பு என்று கேட்கும், அப்புறம் உன் நாய்க்கு என்ன பெயர் வைப்பது என்று அதுவே தீர்மானிக்கும் என்றது. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். தட்டு முடிந்தது. திடீரென்று கேட்க வேண்டிய பெண்மணி வாயில் கேக்கை அடைத்துக்கொண்டிருந்ததால் ஒரு இடைவெளி விழுந்தது. அதில் மிஸ் லெட்டி கேட்டார்.

"மேடலின், இது நிஜமாவா? ஆஸ்பத்திரிச் செலவு, அப்புறம் கண்ணாடியுமா?"

"ஆமா மிஸ். அந்த அளவுக்குப் போயிட்டாங்க."

"எப்பலேர்ந்து கொடுக்கறாங்க?"

மேடலின் அவர் முழங்காலைத் தட்டி, அதைக் கொடுக்க விடாமல் தடுக்கத்தான் எல்லோரும் கூடியிருக்கிறோம் என்று விளக்கினாள். மிஸ் லெட்டி திருதிருவென்று முழித்தார். நல்லாத்தானே இருக்கு என்று வேறு சொல்லிவைத்தார். அதற்குள் அந்தப் பெண்மணி கேக்கை விழுங்கிவிட்டுத் திடீரென்று கேட்டுவிட்டாள்.

இப்படி இருபத்திரண்டு வீடுகளில் இருபத்திரண்டு காபி. அந்த வாரம் என் ஜன்னலில் இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் விழுந்தன. கையேட்டின் பத்தொன்பதாம் பக்கப்படி ஒவ்வொன்றும் வேறு வேறு தாளில், வேறு வேறு வாசகத்தில் இருந்ததாம். ஒருத்தி குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தாளாம், ஒருத்தி சுதந்திரத்தைப் பற்றி. அடேயப்பா, என்ன உழைப்பு.

பத்தாம் நாள் வாஷிங்டனிலிருந்து எனக்கு டெலிபோன் வந்தது. எங்கள் தொகுதிப் பிரதிநிதி மிஸ்டர் லாயல் பாஸ்கமின் செயலாளர். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"உங்க ஊர்ல ஒரு அம்மா இருக்காங்களே, அவங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"எந்த அம்மா?"

"இருநூத்திப் பன்னெண்டு கடிதம் எழுதியிருக்காங்க. வேற வேற பேர்ல. பாவம், தாளைக்கூட மாத்தி மாத்தி எழுதியிருக்காங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. டில்லார்டில் இருபதிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை உள்ள அத்தனை பேரும் மிஸ் லெட்டியிடம் எழுதப் படித்தவர்கள். விரல் அசையக் கூடாது, தோள்தான் எழுத வேண்டும். வட்டம் வட்டமாக ஐந்நூறு, கோடு கோடாக ஐந்நூறு, தினமும் காலை. ஊரில் கசாப்புக் கடைப் பலகையும் பாங்கு மேனேஜர் கையெழுத்தும் என் மனைவியின் காய்கறிப் பட்டியலும் ஒரே கை எழுதியது போல இருக்கும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் எங்களுக்கு அது வினோதமாகவே படவில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் எழுதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரே கையெழுத்தில் வருவது ஒரே கடிதமாகத்தான் கணக்கில் வரும் என்று செயலாளர் வருத்தத்தோடு சொன்னார். ஆக, ஊரே பொங்கியும் ஒரு ஆள் பொங்கிய கணக்குதான்.

விஷயம் காதுக்கு எட்டியதும் டாக்டர் க்ளூர் உடனே மிஸ் லெட்டியைக் கிளினிக்குக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கண் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மிஸ் லெட்டி நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியில் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். டாக்டர் விளக்கைக்கூடப் போடவில்லை. மிஸ், ஊரில் எல்லோருக்கும் நீங்கள்தான் எழுதக் கற்றுக்கொடுத்தீர்கள், இப்போது நீங்களே வந்து எல்லோரும் வேறு வேறு மாதிரி, கொஞ்சம் மோசமாக எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார்.

மிஸ் லெட்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "என் கண்ணு, வார்டன்?" என்றார்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சொன்னதை நான் அன்று இரவே எழுதி வைத்துக்கொண்டேன், மறந்துவிடக் கூடாது என்று.

"மிஸ், நம்ம மாவட்டத்துல காசு இல்லைங்கறதுக்காக வைத்தியம் இல்லாம போனவங்க யாருமே கிடையாது. சங்கமே முன்வந்து இலவசமா செய்யும். ஆனா நீங்க கேக்கக் கூடாது. கேட்டா அது உரிமை ஆயிடும். உரிமைன்னு ஆயிட்டா அரசாங்கமே கொடுத்துடும், அப்புறம் நாங்க எதுக்கு? நீங்க கேக்காம இருக்கணும், நாங்க தானா கொடுக்கணும். அதுதான் அன்பு."

"நான் இப்பக் கேட்டுட்டேனே."

"நான் காதுல வாங்கல."

எவ்வளவு நாள் கேட்காமல் இருக்க வேண்டும் என்று மிஸ் லெட்டி விசாரித்தார். அதையும் கேட்கக் கூடாது என்று டாக்டர் அன்பாகச் சொன்னார். வெளியே வந்ததும் மிஸ் லெட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர்வில், உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?" என்றார். எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் நான் அரசாங்க ஊழியன் என்று முன்பே சொன்னேன்.

மோசமாக எழுதும் வகுப்பு வியாழக்கிழமை சாயங்காலம் மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தோம். மிஸ் லெட்டி உள்ளே வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு காரியம்தான் அந்த வருஷம் எங்கள் ஊரில் தானாக நடந்தது.

"இன்னிக்கு யார் ரொம்ப மோசமா எழுதறாங்களோ அவங்களுக்கு நூறு மார்க்கு" என்றார்.

எழுதினோம். எங்கே வருகிறது? அவர் முன்னால் உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. கால்கள் சேர்ந்துவிட்டன. எல்லோர் எழுத்தும் வழக்கத்தைவிட அழகாக வந்து தொலைத்தது. பாங்கு மேனேஜர் ஃப்ளாய்டு வியர்க்க விறுவிறுக்க ஒரு எழுத்தை மட்டும் கோணலாக்கிவிட்டார். மிஸ் லெட்டி தாளை மூக்குக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பழக்கம் விடுமா? "இது என்ன, கோழி கிளறின மாதிரி? பத்துத் தடவை திருப்பி எழுது" என்று சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயது ஃப்ளாய்டு பத்துத் தடவை முத்து முத்தாக எழுதிக் காட்டினார். பின்வரிசையில் டாக்டர் க்ளூர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடைசியில் மிஸ் லெட்டிக்கே ஒரு யோசனை வந்தது. இடது கைக்காரர்கள் எல்லாம் எழுந்திருங்கள் என்றார். பதினோரு பேர் நடுங்கிக்கொண்டே எழுந்தோம். எங்களை அடித்து அடித்து வலது கைக்கு மாற்றியவர் அவர்தான். இன்றைக்கு மட்டும் இடது கையால் எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். நாற்பது வருஷம் கழித்து என் இடது கையில் பேனா. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசாங்க ஊழியன் அரசியலில் தலையிடக் கூடாது என்ற சட்டம் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. சந்தோஷத்தில் மசோதாவுக்கு எதிராகப் பத்தொன்பது கடிதங்கள் எழுதித் தள்ளினேன்.

அந்த இடது கைக் கடிதங்களைப் பார்த்து வாஷிங்டனில் மிரட்டல் கடிதம் என்று முடிவு செய்து போலீஸில் கொடுத்துவிட்டார்கள். தொப்பி போட்ட இரண்டு பேர் தபால் நிலையத்துக்கு வந்து, இப்படி எழுதுகிற ஆளைத் தெரியுமா என்று விசாரித்தார்கள். தெரியாது என்று சொல்லி, வலது கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மற்றவர்கள் வகுப்பில் எழுதிய நூறு கடிதங்களும் பழைய கட்டோடு போய்ச் சேர்ந்தன. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள், கையெழுத்து ஒன்று.

டாக்டர்கள் விடவில்லை. ஊரில் மிஸ் லெட்டியின் எழுத்து ஒட்டாத கை யாருடையது என்று அவசரக் கூட்டம் போட்டு யோசித்ததில், அவர்கள் கைதான் என்று தெரிந்தது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் மாதமே அவர்கள் எழுத்து கெட்டுப்போய்விட்டது. உடனே இருபத்திரண்டு கிளினிக்கும் மூடப்பட்டன. ஆளுக்கு நான்கு முதியவர்கள் என்று பிரித்துக்கொண்டு எழுதினார்கள். கல்லூரியில் கால்பந்து ஆடிய ஆறடி மூன்றங்குல எலும்பு டாக்டர், "நான் எண்பது வயது விதவை" என்று ஆரம்பித்தார். டாக்டர் க்ளூரும் ஒரு விதவையை எடுத்துக்கொண்டு, மறைந்த கணவரைப் பற்றி மூன்று பக்கம் எழுதி, தானே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பெயர்களுக்குப் பழைய நோயாளிகளின் பட்டியல் இருந்தது. கல்லறையில் இருப்பவர்கள் மறுப்புச் சொல்ல வரமாட்டார்கள் என்பது ஒரு வசதி.

எண்பத்தெட்டுக் கடிதங்கள் போயின. எண்பத்தெட்டும் ஒரே கட்டாகத் திரும்பி வந்தன. டில்லார்டு மருந்துக் கடைக்கு என்று விலாசம் போட்டு, இந்த மருந்துச் சீட்டுகள் தவறுதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டன என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார் செயலாளர். மருந்துக் கடை எல்மோ ஸ்டிக்னி இருபத்தாறு வருஷமாக டாக்டர்களின் எழுத்தை ஒரு கேள்வி கேட்காமல் படித்துவருபவர். பிரதிநிதிக்கான மரியாதை வாசகம் அவருக்கு விளக்கெண்ணெயாகத் தெரிந்திருக்கிறது. எண்பத்தெட்டுப் புட்டிகளில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, ஜன்னலில் வரிசையாக வைத்துவிட்டார். வாங்கத்தான் யாரும் வரவில்லை.

இதற்குமேல் மிஸ்டர் பாஸ்கமுக்குப் பொறுக்கவில்லை. நேரில் வந்து மக்கள் குரலைக் கேட்கிறேன் என்று தந்தி கொடுத்துவிட்டார். மே மாதம் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் மேடை போட்டார்கள். நானூறு பேர். தானாக எதிர்க்கிற சாதாரண முதியவர் ஒருவரையாவது மேடையில் பார்க்க வேண்டும் என்று பிரதிநிதி கேட்டிருந்தார். முதியவர்களில் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவர் மிஸ் லெட்டி ஒருவர்தான். ஐந்து வாரமாக ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தார். அன்றைக்குப் பேசி முடித்தால் தானாகவே ஏதாவது நடக்கும் என்று மேடலின் ஜாடையாகச் சொல்லியிருந்தாள்.

முதலில் டாக்டர் க்ளூர் பேசினார். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே மூன்றாவது ஆள் வரவே கூடாது என்றார். "அந்தப் புனிதமான உறவைக் காப்பாத்தறதுக்காக நாங்க மூணு வாரமா ஒரு நோயாளியைக்கூடப் பாக்கல. யாராவது குறை சொன்னாங்களா? இல்ல. சொல்லப்போனா இந்த மூணு வாரத்துல மாவட்டத்துல சாவு குறைஞ்சிருக்கு. நம்ம வைத்திய முறை எவ்வளவு உசத்தின்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" டாக்டர்கள் கை தட்டினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்த சிலர் தட்டவில்லை.

மிஸ்டர் பாஸ்கமும் மனம் திறந்தார். அவர் அலுவலகத்தில் கடிதங்களைப் படிப்பதில்லையாம், எடை போடுவார்களாம். படித்தால் ஒருதலைப்பட்சம் வந்துவிடும் என்றார். டில்லார்டுக் கட்டு எடையில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரே கையாக இருக்கிறதே என்று சொல்லி, கட்டை மேசைமேல் வைத்து, மிஸ் லெட்டியைப் பார்த்தார்.

"அம்மா, இதெல்லாம் நீங்க எழுதினதா?"

மிஸ் லெட்டி கட்டைத் தடவிப் பார்த்தார். மேல் தாளை எடுத்து இடது கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் வைத்துக்கொண்டார். அவர் முகம் மாறியது. அத்தனை நாள் மிரண்டு மிரண்டு பார்த்துக்கொண்டிருந்த கிழவி போய், எங்கள் மிஸ் வந்துவிட்டார்.

"நானா? இது மேடலின் எழுத்து. வட்டத்தை மூடவே மாட்டா, மூணாம் வகுப்புலேர்ந்து சொல்றேன்." அடுத்த தாள். "இதுவும் மேடலின். பேரு என்னமோ ஹேரியட்னு போட்டிருக்கா." அடுத்தது. "இது ஃப்ளாய்டு. ஃப்ளாய்டு, நீ எப்போ ரெண்டு குழந்தைக்குத் தாயானே?"

கூடத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. எங்களுக்கே ஒன்று போலத் தெரிந்த எழுத்தில் அவர் ஒவ்வொரு கையையும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார். மேடலின் மட்டும் முப்பத்தொரு பேர். எலும்பு டாக்டரின் மனைவி பதினான்கு பேர். யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவர் செய்யவில்லை. கட்டு வந்தால் திருத்த வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து மார்க்கே போட ஆரம்பித்துவிட்டார். பேர் சொல்லப்பட்டவர்கள் எழுந்து நின்றார்கள். பாஸ்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

இன்னும் கட்டில் பாதிகூட ஆகவில்லை. நடுவிலிருந்து ஒரு தாள் வந்தது. மிஸ் லெட்டி அதைக் கண்ணில் ஒட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு? வரியெல்லாம் சரிஞ்சு கீழ போகுது. எழுத்து மேல எழுத்து ஏறியிருக்கு. இது என் பிள்ளைங்க யாரும் இல்ல." பெரிதாக ஒரு முட்டை போட்டு ஒதுக்கி வைத்தார்.

டாக்டர் க்ளூருக்கு உயிர் வந்தது. வேறு கையெழுத்து. ஒன்றாவது தேறிவிட்டது. அதை உரக்கப் படிக்கும்படி பிரதிநிதியைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். பாஸ்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு அறுபத்தொன்பது வயது. பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தியே வாழ்ந்தேன். இப்போது எனக்கு வரி தெரியவில்லை. இந்தச் சட்டம் வந்தால் எனக்குக் கண் தெரியும் என்கிறார்கள். தயவுசெய்து இதற்கு ஓட்டுப் போடுங்கள். எழுத்து மோசமாக இருந்தால் மன்னிக்கவும், என்னால் பார்க்க முடியவில்லை. லெட்டி ஹாஸ்கின்ஸ்."

மிஸ் லெட்டி கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். "ஓ, அது நானா" என்றார். "வகுப்பன்னிக்கு எல்லாரும் எழுதினாங்களேன்னு நானும் ஒண்ணு எழுதினேன். இவ்வளவு கேவலமாவா எழுதியிருக்கேன்?" முட்டையை அழிக்கவில்லை. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் என் மனைவி தேம்பிக்கொண்டிருந்தாள். மசோதாவை எதிர்த்து ஆறு கடிதம் எழுதியவள் அவள்.

டாக்டர் க்ளூர்தான் முதலில் பேசினார். உண்மையிலேயே வருத்தமான குரல்.

"மிஸ், நீங்க கேட்டுட்டீங்களே. எழுத்து மூலமா கேட்டுட்டீங்களே. சங்கம் இனிமே எப்படித் தானா கொடுக்கும்?"

"கேக்காம இருந்தப்ப மட்டும் என்ன கொடுத்த, வார்டன்?"

மிஸ் லெட்டி அவர் பக்கம் திரும்பினார், முகம் எங்கே இருக்கிறது என்று குரலை வைத்துக் கண்டுபிடித்து. "உக்காரு" என்றார். சங்கத் தலைவர் உட்கார்ந்தார். "தாளை எடு. முதுகை நிமிர்த்து. விரல் அசையக் கூடாது, தோள்." டாக்டர் பேனாவைத் திறந்தார். அவர் செய்தார் என்று சொல்ல மாட்டேன், அவர் கை செய்தது. நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழுது. வியாழக்கிழமை காலை எட்டு மணி. ஆஸ்பத்திரி. மிஸ் ஹாஸ்கின்ஸ், வலது கண். ஆபரேஷன், பத்து நாள் படுக்கை, கண்ணாடி உள்பட, சங்கம் பொறுப்பு. கீழ கையெழுத்து."

எழுதினார். மிஸ் லெட்டி தாளை வாங்கி மூக்கில் ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பாஸ்கமிடம் கொடுத்தார். பாஸ்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கடைசி வரிசையிலிருந்து எனக்கே தெரிந்தது: வட்டம் வட்டமாக, முத்து முத்தாக. இருபத்தைந்து வருஷத்தில் டாக்டர் எழுதி, எல்மோ ஸ்டிக்னி இல்லாமலே ஊர் படித்த முதல் எழுத்து. இதை வேறு எதுவென்றும் அவரால் சொல்லித் தப்ப முடியாது.

ஆபரேஷன் வியாழக்கிழமை எட்டு மணிக்கே நடந்தது. பிரதிநிதி, எடை பார்த்ததில் முந்நூற்றுப் பதினொன்றுக்கு ஒன்று என்று இருப்பதால் மசோதாவை எதிர்ப்பதாக அறிக்கை விட்டார். ஜூலையில் சங்கத்தின் புதிய கையேடு வந்தது. அட்டையில் மிஸ் லெட்டியின் படம், சீசா அடி மாதிரிக் கனமான கண்ணாடியோடு. கேட்காமலே டாக்டர்கள் தாமாக முன்வந்து கண் கொடுத்தார்கள், ஆகவே இந்த நாட்டுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை என்று கீழே போட்டிருந்தது. அதை அவர் தபால் நிலையத்தில் என் ஜன்னலுக்கு முன்னால் நின்று, தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, தானே படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானூறு தபால்தலை கேட்டார்.

"நானூறா? எதுக்கு மிஸ்?"

"வீட்டுப்பாடம் கொடுத்திருக்கேன். சட்டம் வேணும்னு ஊர்ல எல்லாரும் மனசார எழுதணும். உன்னையும் சேத்துத்தான், ஆர்வில். திங்கட்கிழமைக்குள்ள."

நான் அரசாங்க ஊழியன் என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னை நேராகப் பார்த்தார். பல வருஷம் கழித்து முதல் தடவையாக என் முகம் அவருக்குத் தெரிந்தது. எந்தக் கையால் எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.